துயிலிக்கு இன்னொரு பெயர்

ஜனவரி 11

அன்பு மருமகளுக்கு, மாமா எழுதுவது.

நான் அன்றைக்கே சொன்னேன். நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது உன் அம்மாவின் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டினாய். உப்பு டப்பாவில் சர்க்கரை என்று ஒட்டி, வந்த விருந்தாளிகள் எல்லாரும் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உன் அம்மா உன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்து, "அக்கா, அடிக்காதே. உலகத்துல இருக்கிற பொருளுக்கெல்லாம் பேர் வைக்கிற உத்தியோகத்துக்குத்தான் இவ போகப்போறா, எழுதி வெச்சுக்கோ" என்றேன். அவள் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. இப்போது நீ மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவில் உட்கார்ந்திருக்கிறாய். இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாள்.

உன் தம்பி சின்னவன் விஷயத்தையும் நான்தான் முன்கூட்டிச் சொன்னேன். தீயணைப்புப் படையில் சேர்ந்துவிட்டானாமே! அவன் உடம்பில் ஓடுவது யார் ரத்தம்? ஆற்று வெள்ளத்தில் குதித்து, ஒரு குழந்தையைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு, தான் திரும்பாமல் போன என் அப்பாவின் ரத்தம். உன் அம்மா போனபின் ஐந்து வருடம் என் வீட்டில் வளர்ந்தானே, தினமும் சோறு பிசையும்போது அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் வாயைத் திறக்க மாட்டான். பதினைந்து வயதுத் தடியன்!

இங்கு நான் நலம். என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு இரண்டு நாள் முன்னால் தகவல் சொல்கிறது. வானொலியில் சொல்கிறவர்களை விட அது மேல். உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது?

பெயர் விஷயத்தில் சந்தேகம் வந்தால் தயங்காமல் என்னைக் கேள். பெரியாஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருடம் குப்பிகளில் சீட்டு ஒட்டியவன் நான். ஒரு சீட்டு மாறியதில்லை. தலைமை மருத்துவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க மட்டும் பள்ளிக்கூடத்தை முடிச்சிருந்தா எனக்கு இந்த நாற்காலி கிடைச்சிருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். நான் சிரித்துக்கொண்டேன்.

ஏன் மாமா இன்னும் போன் வைத்துக்கொள்ளவில்லை என்று மறுபடி கேட்டிருக்கிறாய். கையெழுத்து நன்றாக இல்லாதவர்களுக்குத்தான் போன். வாசல் மணியையும் கழற்றிவிட்டு நான் செய்த ஏற்பாடு உனக்குத் தெரியுமே: வெளியே ஒரு கயிறு, இழுத்தால் உள்ளே சிவப்பு விளக்கு எரியும். சத்தமில்லாத அழைப்பு. இதைப் பார்க்க வெளியூரிலிருந்து இரண்டு பொறியாளர்கள் வந்தார்கள்.

உன் தாய்மாமா


பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இருவரும் நன்றாக இருக்கிறோம். சின்னவன் பயிற்சியில் மூன்று கிலோ இளைத்திருக்கிறான். முழங்காலுக்கு மருந்து தடவுகிறீர்களா, இல்லை அதை வைத்து ஜோசியம் மட்டும் பார்க்கிறீர்களா?

நீங்கள் நினைப்பதுபோல் நாங்கள் பெயர் வைப்பதில்லை மாமா. ஏற்கெனவே வைத்த பெயர்களை எடுப்பதுதான் பெரும்பாலும் வேலை. ஒரு அறை, மூன்று மேசைகள், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். ஒரே மரபணுவை நாலு ஊரில் நாலு பேர் கண்டுபிடித்து, நாலு பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதில்லை. நாங்கள் அதையெல்லாம் ஒப்பிட்டு, இது இதேதான் என்று நிரூபித்து, ஒரே பெயரை வைத்து, மற்றவற்றைப் ‘பழைய பெயர்கள்’ என்று கீழே சிறிய எழுத்தில் போடுகிறோம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பெயர் வைத்தவர்கள் விடமாட்டார்கள்.

இப்போது என் மேசையில் இருப்பது ஒரு சண்டை. எலிகளை ஆராய்ந்த ஒரு பேராசிரியர் ஒரு மரபணு கெட்டுப்போனால் எலி அதிகம் தூங்குகிறது என்று பார்த்து, அதற்குத் ‘துயிலி’ என்று பெயரிட்டார். அதேதான் என்று நான் சந்தேகிக்கிற ஒன்றுக்கு, இதயத்தை ஆராய்ந்த வேறொருவர் ‘தாளம்-7’ என்று பெயரிட்டிருக்கிறார். போன வாரம் எலிப் பேராசிரியர் நேரில் வந்துவிட்டார். "பெத்த பிள்ளைக்கு நான் வெச்ச பேரை மாத்த நீ யாரும்மா?" என்று மேசையைத் தட்டினார். எங்கள் தலைவி தலையில் ஒரு கண்ணாடியும் மூக்கில் ஒரு கண்ணாடியுமாக நிமிர்ந்து பார்த்து, "பேரு போனா நீங்க அழுவீங்க சார். பேரு ரெண்டா இருந்தா, முகம் தெரியாத யார் வீட்டிலயோ அழுவாங்க" என்றார். அவர் தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அம்மா போனபிறகு ரத்தத்தை எங்கோ அனுப்பி ஒரு அறிக்கை வந்ததே, அது உங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கும். அதில் ‘துயிலி’ என்ற சொல்லைப் பார்த்ததாக எனக்கு ஒரு ஞாபகம். அப்போது எனக்கு இருபது வயது. படித்தேன், புரியவில்லை, மடித்து உங்களிடம் கொடுத்துவிட்டேன். அதை அனுப்புங்கள். என் பயம் வெறும் பயமாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 19

அன்பு மருமகளுக்கு மாமாவின் ஆசிகள்.

மருந்து தடவுகிறேன். நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? மூன்று கிலோ என்பது சாதாரண விஷயமில்லை. நான் அந்த வயதில் ஒரே நாளில் ஐந்து கிலோ ஏறுவேன், இறங்குவேன்.

அறிக்கை இதனுடன் இருக்கிறது. ஓரத்தில் மஞ்சளாக இருப்பது ஈரம், வேறு ஒன்றுமில்லை. ‘துயிலி மரபணுவில் ஒரு மாற்றம் காணப்படுகிறது; பொருள் தெரியவில்லை’ என்று போட்டிருக்கிறது. இதை அன்று நான் சும்மா விட்டுவிட்டதாக நினைக்காதே. நேராக மருத்துவரிடம் போனேன். "ஒண்ணும் இல்லீங்க, ஏதோ தூக்கம் சம்பந்தப்பட்டது" என்றார். "ஒண்ணும் இல்லாததுக்கு ஏன் சார் கெட்டி எழுத்துல போட்டிருக்கு?" என்று மடக்கினேன். அறையில் இருந்த ஆறு டாக்டர்களும் எழுந்து நின்றார்கள்.

எலிப் பேராசிரியரிடம் விட்டுக்கொடுக்காதே. இரண்டு பெயரும் வேண்டாமென்றால் என் பெயரை வைத்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பழைய கதையை ரொம்பக் கிளறாதே பாப்பா. போனவள் போய்விட்டாள்.

உன் தாய்மாமா


மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை உட்கார்ந்து படியுங்கள்.

இரண்டும் ஒன்றுதான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாயிற்று. துயிலியும் தாளம்-7உம் ஒரே மரபணு.

துயிலி என்ற பெயரில் நாற்பது கட்டுரைகள் இருக்கின்றன. எல்லாம் எலி, எல்லாம் தூக்கம். தாளம்-7 என்ற பெயரில் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் குடும்பங்கள் வருகின்றன மாமா. அந்த மரபணு கெட்டிருந்தால், ஆரோக்கியமாக நடமாடுகிறவரின் இதயம் ஒரு திடீர்ச் சத்தத்தில் தாளம் தப்பி நின்றுவிடுமாம். கடிகார அலாரம், வண்டி ஹாரன், போன் மணி. அம்மா எப்படிப் போனாள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் படுத்திருந்தாள், போன் அடித்தது, எழுந்து உட்கார்ந்தாள், சாய்ந்தாள். போனை நான்தான் எடுத்தேன். யாரோ தவறான எண்.

அன்று அம்மாவின் அறிக்கையை எழுதியவர் துயிலி என்ற பெயரில் தேடியிருக்கிறார். எலி தூங்கியது என்று கிடைத்திருக்கிறது. பக்கத்து அலமாரியில் இன்னொரு பெயரில் இருந்ததை அவர் பார்க்கவே இல்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. இத்தனை நாள் அந்த இரண்டு அலமாரிகளுக்கும் நடுவில் கதவு வைக்காமல் இருந்தது எங்களைப் போன்றவர்கள்தான்.

நானும் சின்னவனும் ரத்தம் கொடுத்தோம். எனக்கு இல்லை. அவனுக்கு இருக்கிறது.

அவனுடைய நிலையத்தில் ஒரு பெரிய மின்மணி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை அடிக்கும். பாதி நேரம் தூங்கிக்கொண்டிருப்பவர்களை எழுப்பத்தான் அது.

இதய வரைபடம் எடுத்துப் பார்த்தார்கள், சுத்தமாக இருக்கிறது. படையின் மருத்துவர் நல்லவர், ஆனால் விதிப்படி நடக்கிறவர். "இந்த மாற்றம் புதுசும்மா. வேற எந்தக் குடும்பத்திலயும் இதே இடத்துல பார்த்ததில்லை. உங்கம்மா ஒருத்தங்க மட்டும்னா தற்செயல்னு எழுதிடுவாங்க. அவங்க அப்பாவும் இப்படித் திடீர்னு போயிருந்தார்னா சொல்லுங்க, இன்னைக்கே இவரை அந்த மணி இருக்கிற இடத்திலேருந்து எடுத்துடறேன், மருந்தும் ஆரம்பிச்சுடலாம்" என்றார். சின்னவன் சிரித்தான். "டாக்டர், எங்க தாத்தா ஆத்து வெள்ளத்துல குதிச்சவரு. நான் மணி சத்தத்துக்குப் பயந்துக்கிட்டு மேசையில உக்காரணுமா?"

அம்மா அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாள். பாட்டியும் இல்லை. தாத்தா போனபோது உடனிருந்தவர் நீங்கள் ஒருவர்தான். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் மாமா. அலங்காரம் வேண்டாம். நீங்களும் ஒருமுறை ரத்தம் கொடுங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 23

அன்பு மருமகளுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காய்ச்சல். நூற்று ஏழு டிகிரி என்றார்கள், கம்பவுண்டர் வெப்பமானியை உதறி உதறி மூன்று தடவை பார்த்தார். இப்போது பரவாயில்லை. நீயும் சின்னவனும் சுகமாக இருக்க வேண்டும்.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஐந்து நாள் விடாத மழை. ஆறு கரை புரண்டது. தண்ணீர் காப்பி நிறத்தில், மாடும் மரமுமாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. அப்பா தபால் நிலையத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார், கடிதம் பிரிக்கும் வேலை. நான் பாலத்தில் நின்றேன். நடு ஆற்றில் ஒரு கூரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குழந்தைகள் வந்தன, அவற்றின் தாயும். கரையில் நூறு பேர், ஒருத்தரும் அசையவில்லை. அப்பா சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "பத்திரமா வெச்சிரு, நாளைக்கு வேலைக்குப் போட்டுக்கணும்" என்றார். குதித்தார். ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார், போனார். இன்னொன்றைக் கொண்டுவந்தார், போனார். தாயைக் கரைக்குத் தள்ளினார். அப்புறம் ஒரு மரம் வந்தது. சட்டை என் கையிலேயே இருந்தது.

போதுமா? இதயம் நின்று போகிறவரா இப்படி மூன்று தடவை வெள்ளத்தில் நீந்துவார்? எங்கள் அப்பாவின் இதயம் இரும்பு.

என் ரத்தம் எதற்கு? கூடத்துக்குப் போனால் என் பழைய ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு என்னைச் சுற்றிக்கொள்வார்கள். நோயாளிகள் பாவம்.

மணியடிக்கிற நேரத்தில் அவன் தூங்காமல் இருந்தால் என்ன? சும்மா கேட்கிறேன்.

உன் தாய்மாமா


மே 2

அன்புள்ள மாமாவுக்கு,

காய்ச்சல் விட்டது அறிந்து நிம்மதி.

உங்கள் கடிதத்தை மருத்துவரிடம் காட்டினேன். முழுவதும் படித்தார். ‘குடும்ப வரலாறு: உறுதிப்படவில்லை’ என்று எழுதி, சின்னவன் வேலையைத் தொடரலாம் என்று முத்திரை வைத்தார். உங்கள் கடிதத்தின் நகலைச் சின்னவன் நிலையத்தில் தன் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறான். வருகிறவர்கள் எல்லாருக்கும் காட்டுகிறான்.

நான் இன்னும் தூங்கவில்லை மாமா. சின்ன வயதில் நான் கேட்டபோது ஒரு குழந்தை. ஜனவரியில் நீங்கள் எழுதியதும் ஒரு குழந்தை. ஏப்ரலில் இரண்டு குழந்தை, ஒரு தாய். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரே விஷயத்துக்கு இரண்டு கணக்கு வந்தால் எது சரி என்று கேட்கிற பழக்கம். அது எந்த வருடம்? செய்தித்தாளில் வந்திருக்குமே, நானே தேடி எடுக்கிறேன். வருடம் மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


மே 9

அன்பு மருமகளுக்கு,

உன் உடம்பைக் கவனித்துக்கொள். தூங்காமல் இருப்பது நம் வீட்டு வழக்கமே இல்லை.

செய்தித்தாளில் வரவில்லை. நிருபர் வந்தார், நான்தான், "என் அப்பா விளம்பரத்துக்காகச் சாகலை, போய்யா" என்று துரத்திவிட்டேன். பாலமும் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். குழந்தைக் கணக்கு, அந்தக் களேபரத்தில் யார் எண்ணினார்கள்? மூன்றுகூட இருக்கலாம். மாமன் சொல்லை நம்பாமல் காகிதத்தை நம்புகிறாயே, இதற்கா உன்னைப் படிக்க வைத்தோம்?

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். அதில் இருப்பது நல்ல பஞ்சும் மெழுகும். சின்னவனைத் தூங்கும்போது காதில் வைத்துக்கொள்ளச் சொல். மணி அடித்தால் பக்கத்துக் கட்டில்காரன் தோளைத் தொட்டு எழுப்பட்டும், மெதுவாக. ‘மெதுவாக’ என்பதை அவனுக்கு அழுத்திச் சொல். மாமா சொன்னதாகச் சொன்னால் கேட்பான். என் வீட்டில் இருந்த ஐந்து வருடமும் நான் அவனை ஒரு தடவைகூடக் கூப்பிட்டு எழுப்பியதில்லை. பாதத்தைத் தடவித்தான் எழுப்புவேன்.

சளி பிடிக்காமல் இருக்கத்தான் பஞ்சு. வேறு ஒன்றுமில்லை.

உன் தாய்மாமா


ஜூன் 28

அன்பு மருமகளுக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பொட்டலம் வந்து சேர்ந்ததா என்றாவது எழுது. தபால்காரன் கயிற்றை இழுப்பதற்கு முன்பே நான் வாசலில் நிற்கிறேன். "என்ன பெரியவரே, லவ் லெட்டரா?" என்கிறான். அந்தப் பயலுக்கு நான் யாரென்று தெரியாது.

கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. உன் அம்மா திட்டுவதில் பேர் போனவள், அதில் பாதியாவது உனக்கு வந்திருக்கும்.

வருடம் கேட்டாயே. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சின்னவன் பஞ்சு வைத்துக்கொள்கிறானா?

உன் தாய்மாமா


ஜூலை 30

மாமாவுக்கு,

உங்கள் உடல்நிலை நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மே பதினேழாம் தேதி, மத்தியானம் இரண்டு மணி. காலை முறை முடிந்து நிலையத்திலேயே பெஞ்சில் படுத்திருக்கிறான். மணி அடித்தது. எல்லாரும் எழுந்து ஓடினார்கள். அவனும் எழுந்தான், இரண்டு அடி வைத்தான். அம்மாவைப் போலவே.

உடனிருந்தவர்கள் உயிர் காக்கப் பயிற்சி பெற்றவர்கள். மாறி மாறி நெஞ்சை அழுத்தியிருக்கிறார்கள். தீப்பிடித்த இடத்துக்கு வேறு நிலையத்திலிருந்து வண்டி போயிற்று. ஒன்பது நிமிடம் கழித்து இதயம் திரும்பியது. மூளைக்கு அது நீண்ட நேரமாம்.

இப்போது வீட்டில் இருக்கிறான். கரண்டியைப் பிடிக்கிறான். ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பினால் பார்க்கிறான். என் முகத்தில் எதையோ தேடுகிறான், கிடைப்பதில்லை. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் இருக்கிறது. தண்ணீர் வேண்டுமானாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், என்னைக் கூப்பிடவும் அதுதான், செவிலியை, கதவை, வெளியே போகிற நாயை, எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான்.

"மாமா."

பொட்டலம் வந்தது. பத்தொன்பதாம் தேதி.

என் வேலையைப் பற்றி: பெயர் முடிவாகிவிட்டது. துயிலியும் இல்லை, தாளம்-7உம் இல்லை. நாலு எழுத்தும் ஒரு எண்ணும் கொண்ட பெயர், யாருக்கும் பிடிக்கவில்லை. எலிப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு என் தோளைத் தொட்டார். "உங்க தம்பி விஷயம் கேள்விப்பட்டேம்மா" என்றார். இனி எந்தப் பெயரில் தேடினாலும் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அதன் கீழே நம் வீட்டு மாற்றத்தைத் தனி வரியாகச் சேர்த்திருக்கிறோம். பாதிக்கப்பட்டோர்: இருவர், தாயும் மகனும்.

மருத்துவர் தன் குறிப்பை மாற்றி எழுதினார். "இனி உங்க தாத்தா விஷயம் தேவையில்லைம்மா" என்றார். ஆகவே அந்த வருடத்தை நீங்கள் யோசிக்க வேண்டாம்.

கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே கூப்பிடுகிறான். நிறுத்துகிறேன்.


ஆகஸ்ட் 6

பாப்பா,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. அவனுக்கு வேளாவேளைக்கு ஊட்டுகிறாயா? சோற்றை நன்றாகக் குழைத்துப் பிசை. சூடு பார்த்துக் கொடு. அவனுக்கு நாக்கு சீக்கிரம் பொத்துப் போகும்.

நேற்று கூடத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். என் பழைய ஆட்கள் யாரும் இல்லை. ஒரு பெண் ஊசி குத்தி எடுத்தாள், என் பெயரைக் கேட்டாள், சீட்டு எழுதி ஒட்டினாள். கோணலாக ஒட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முடிவு வர மூன்று வாரமாம். எனக்கு முடிவு தெரியும். இருபத்தாறு வயதில் ஒரு லாரி ஹாரனுக்கு நடுத்தெருவில் விழுந்திருக்கிறேன். நாற்பதில் ஒரு அலாரத்துக்கு. எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் இதயம் தானாகத் திரும்பி வந்தது. யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மா போன அன்றே போன் வயரைப் பிடுங்கினேன், மணியைக் கழற்றினேன். எந்தப் பொறியாளரும் பார்க்க வரவில்லை. எனக்குப் பெயர் தெரியாது, பாப்பா. ஆனால் சமாசாரம் தெரியும். உன் இருநூறு கட்டுரைக்கு முன்னாலேயே தெரியும்.

தெரிந்தும் ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காதது பெரிதாக இருக்கிறது.

எனக்குப் பதினேழு வயது. பதினோராம் வகுப்பில் தேறவில்லை என்பதை நாலு மாதம் மறைத்தேன். தினமும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதாகக் கிளம்புவேன். பள்ளியிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் போட்டார்கள். கடிதம் பிரிக்கிறவர் அவர், தன் பெயர் போட்ட உறையைத் தானே பிரித்தார். வீட்டுக்கு வந்து திட்டவில்லை. வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "நாலு மாசமா எங்கடா போனே?" என்று கேட்டார். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. "நீ மட்டும் என்ன பெரிய கலெக்டரா?" என்று கத்தினேன். கையில் இருந்த அலுமினியத் தட்டைச் சுவரில் ஓங்கி அடித்தேன். அவர் பயந்து திரும்பினார். திரும்பும்போதே கண் செருகி விழுந்துவிட்டார். குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. குழாயை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊரில் கேட்டார்கள். எப்படிச் சொல்வேன்? ரெண்டு நாளில் விடுதியிலிருந்து அக்கா வந்தாள், அவளும் கேட்டாள். அவளுக்குத்தான் முதலில் அந்தக் கதையைச் சொன்னேன். அப்போது ஒரு குழந்தைதான். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அதன்பிறகு அதை எப்படித் திரும்ப வாங்குவது?

மார்ச் மாதம் உன் கடிதம் வந்தபின் ஐந்து வாரம் காய்ச்சல் எதுவும் இல்லை. தினமும் உட்கார்ந்து எழுதினேன், கிழித்தேன். நான் அப்பாவைக் கொன்றவன் என்று நாற்பத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அது ரத்தத்தில் இருந்தது, அந்தத் தட்டு இல்லாவிட்டால் இன்னொரு சத்தம் என்று உன் கடிதம் சொன்னது. படித்தவுடன் எனக்கு விடுதலையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சின்னவன் அந்த ஆற்றைப் பார்த்துத்தான் வேலைக்குப் போனான். நான் வாயைத் திறந்தால் அவனுக்குத் தாத்தாவும் போவார், மாமாவும் போவேன். நல்ல கதையில் அவனை வைத்திருப்போம், காதில் பஞ்சு வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அவன் அலமாரியில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துவிடு.

முப்பத்தோரு வருடத்தில் ஒரு சீட்டு மாறியதில்லை என்று சொல்வேனே, அது உண்மைதான். கூடத்தில் மாறியதில்லை. உங்கள் பட்டியலில் அந்த வரியைத் திருத்திவிடு. இருவர் இல்லை, மூவர். என் அப்பாவைச் சேர். என் முடிவு வந்ததும் நாலாவதாக என்னைச் சேர். மருத்துவருக்குத் தேவையில்லாவிட்டாலும் சேர்.

திங்கட்கிழமை வண்டியில் வருகிறேன். நீ வேண்டாமென்றாலும் வருவேன். அவன் கூப்பிடுகிற போது யாராவது ‘என்னடா’ என்று கேட்க வேண்டும் இல்லையா.

நீ வருடம் கேட்டாய். பெரிய பஞ்சம் வந்த வருடம், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும், அதனால்தான் அப்பா வந்ததும் வராததுமாகக் குடத்தை எடுத்தார். அக்காவும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வந்தாள், பார்த்தும் பார்க்காததுபோல் என் கதையை வாங்கிக்கொண்டாள். அந்த வருடம் ஆற்றில் தண்ணீரே இல்லை.